பாரிஸில் ஒரு வியாழக்கிழமை: அம்மாவை எந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம்?

சிப்புட் மகள்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வரும் மே மாதம் அம்மாவை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகிறேன். பயணக் குழுவோடு எட்டு நாள். அதில் பாரிஸில் ஒரு வியாழக்கிழமையை முழுதாக எங்கள் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். குழுவில் மற்றவர்கள் கடைகளுக்குப் போகப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த நாளை ஓவியங்கள் இருக்கும் இடத்தில் கழிக்க ஆசை.

அம்மாவுக்கு 64 வயது. பதினான்கு வயதில் பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், இறங்கியவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிய பிறகு, கொத்திலிருந்து சிந்தும் உதிரிப் பழம் பொறுக்கினார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தார், அவ்வளவுதான். தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டில் சுவரில் இருந்தவை சாமிப் படங்களும் மளிகைக்கடை நாட்காட்டியும் மட்டுமே. ஆனால் நான் இடைநிலைப்பள்ளியில் ஓவியப் பாடம் எடுத்தபோது, இரவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வண்ணம் காய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "இந்த மூலையில் இன்னும் கொஞ்சம் இருட்டு வேண்டும்" என்பார். அவர் சொன்ன இடத்தில் இருட்டைக் கூட்டினால் படம் எழுந்து நிற்கும். அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்க முடியும்? லூவ்ர் போதுமா, வேறு உண்டா? அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, நெடுநேரம் நிற்க மாட்டார். வியாழக்கிழமை சைவம் வேறு.

கூலிம் வாத்தியார்

சகோதரி, ஒரே இடம். ஓர்சே அருங்காட்சியகம். மற்றதெல்லாம் நேரம் மிஞ்சினால்.

நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில் பாரிஸுக்குப் போனேன். வாழ்நாளில் ஒரு முறைதான் வருவோம் என்ற பதற்றத்தில் ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகம் ஏறி இறங்கினேன். இரவு விடுதியில் படுத்துக் கண்ணை மூடினால் ஒரு படம்கூட முழுதாக நினைவில் வரவில்லை. சட்டங்களின் தங்கப் பூச்சும் என் கால் வலியும்தான் வந்தன. மறுநாள் ஊர் சுற்றும் பஸ்ஸை விட்டுவிட்டு ஓர்சேவுக்கு மறுபடி போனேன். அன்று பார்த்தது ஏழோ எட்டோ படம்தான். அவை இன்றும் என்னோடு இருக்கின்றன.

ஏன் ஓர்சே என்று சொல்கிறேன். அது முதலில் ரயில் நிலையம். 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டினார்கள். பிறகு ரயில்கள் நீண்டுவிட்டன, நடைமேடை போதவில்லை. 1939 வாக்கில் தொலைதூர ரயில்கள் அங்கே வருவது நின்றுபோனது. இடித்துவிட இருந்த கட்டடத்தைக் காப்பாற்றி 1986-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உள்ளே போனால் கண்ணாடிக் கூரையும் பெரிய கடிகாரமும் அப்படியே இருக்கின்றன. அரண்மனைக்குள் நுழையும் கூச்சம் வராது. ரயில் ஏறப் போகிறவரைப் போல நுழையலாம்.

அடுத்த காரணம்தான் முக்கியம். அங்கே உழைப்பவர்களின் படங்கள் இருக்கின்றன. ழான் பிரான்சுவா மில்லே என்று ஓர் ஓவியர், 1814-இல் நார்மண்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1857-இல் வரைந்த "கதிர் பொறுக்குவோர்" தரைத்தளத்தில் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து, சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். அறுத்து முடித்த வயலில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ள ஏழைகளுக்கு அந்த ஊரில் உரிமை இருந்தது. அந்தப் படம் காட்சிக்கு வந்தபோது பணக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. அரசர்களுக்கும் தேவதைகளுக்கும் கொடுக்கிற கம்பீரத்தைக் கூலிப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று அவர்களுக்கு எரிச்சல். உங்கள் அம்மா செம்பனைக் காட்டில் என்ன செய்தாரோ, அது அந்தச் சுவரில் தொங்குகிறது. வேறெங்கும் போக வேண்டாம்.

ஈப்போ பயணி

வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும். பாரிஸ் வரை போய் லூவ்ர் பார்க்காமல் திரும்புவதா? ஊருக்கு வந்ததும் கோவிலில், கல்யாண வீட்டில், எல்லோரும் அந்த அம்மாவிடம் கேட்கப் போவது மோனலிசாவைத்தான். "பார்க்கவில்லை" என்று அவர் சொல்ல வேண்டுமா? நம் அம்மாக்கள் எத்தனையோ விஷயத்தில் "எனக்கு வேண்டாம், நீங்கள் பாருங்கள்" என்று ஒதுங்கியே வாழ்ந்தவர்கள். உலகத்திலேயே பெயர் பெற்ற படத்தின் முன்னால் அவரை நிறுத்திவிட்டு வாருங்கள். அது ஒரு மரியாதை.

நான் மனைவியோடு 2018-இல் போனேன். காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால் அவ்வளவு கூட்டம் இல்லை.

கூலிம் வாத்தியார்

நீங்கள் சொல்லும் மரியாதை எனக்குப் புரிகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முழங்கால் வலி உள்ளவருக்கு மோனலிசா என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். படம் 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் மரத் தடுப்பு. அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான கைகளில் உயர்ந்து நிற்கும் தொலைபேசிகள். வரிசையில் நின்று முன்னே வந்ததும் நகரச் சொல்லிவிடுவார்கள்.

அப்படியும் போவதென்றால் ஒன்று செய்யுங்கள். மோனலிசாவைப் பார்த்த கையோடு திரும்பி எதிர்ச்சுவரைப் பாருங்கள். வெரோனேஸ் 1563-இல் முடித்த "கானா ஊர்க் கல்யாணம்" அங்கே இருக்கிறது. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், லூவ்ரிலேயே பெரிய ஓவியம் அதுதான். பந்தியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். பாத்திரம் தூக்குகிறவர், இறைச்சி வெட்டுகிறவர், வாத்தியம் வாசிக்கிறவர், மேசைக்கடியில் நாய். நம் கல்யாணப் பந்தியேதான். அறையில் இருக்கும் அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

லா ஷாப்பல் வாசி

பீடோர் பிள்ளை நான், மூன்று ஆண்டுகளாகப் பாரிஸில் படிக்கிறேன். வழியை மட்டும் சொல்கிறேன், எதைப் பார்ப்பது என்பதை அம்மா முடிவு செய்யட்டும்.

வியாழக்கிழமை உங்களுக்கு அமைந்தது நல்ல நாள். ஓர்சே திங்கட்கிழமை மூடியிருக்கும். லூவ்ர், ஒராஞ்சரி, கீமே மூன்றும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். வியாழனன்று ஓர்சே காலை 9:30 முதல் இரவு 9:45 வரை திறந்திருக்கும், மாலை ஆறுக்கு மேல் கட்டணமும் குறைவு. ஆனால் மாலைக்குத் தள்ளாதீர்கள். மே மாதத்தில் பாரிஸ் நம் நாட்டைவிட ஆறு மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே பிற்பகல் மூன்று என்றால் அம்மாவின் உடம்புக்கு இரவு ஒன்பது. காலை நான்கு மணிக்கே விழித்துக்கொள்வார். விடியலில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எழுந்து பழகிய உடம்பு அல்லவா, அந்தக் காலை நேரம்தான் அவருக்குத் தெளிவு.

டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை இடைத்தரகர்களின் பக்கங்கள். என் மாமா அப்படி ஒன்றில் ஏமாந்து ஏறக்குறைய இரட்டிப்புக் காசு கொடுத்தார். 'மியூசியம் பாஸ்' என்று இரண்டு நாளுக்கு, நான்கு நாளுக்கு விற்கிறார்கள். ஒரு நாள் மட்டும் இருப்பவர்களுக்கு அது கட்டுபடியாகாது. பெரிய பயணப் பெட்டியோடு போனால் உள்ளே விடமாட்டார்கள். சிறிய பை போதும்.

மெட்ரோவைத் தவிர்த்துவிடுங்கள். பழைய நிலையங்களில் மின்தூக்கி கிடையாது, படிகள் ஏராளம். பஸ்ஸில் போங்கள், ஜன்னலோரம் ஊரையும் பார்க்கலாம். ஓர்சேவில் சக்கர நாற்காலி இலவசமாகக் கொடுப்பார்கள், அடையாள அட்டையை வைத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். அம்மா வெட்கப்படுவார். "நடந்து களைத்தால் உட்கார, அதுவரை நம் பையை வைக்க" என்று சொல்லி வாங்கிவிடுங்கள்.

ஓர்சே, ஒராஞ்சரி, லூவ்ர் மூன்றும் கூப்பிடு தூரம். ஓர்சேவிலிருந்து செய்ன் ஆற்றின் மேல் ஒரு நடைபாலம் இருக்கிறது, செனகல் நாட்டின் முதல் அதிபரும் கவிஞருமான செங்கோர் பெயரில். அதைக் கடந்தால் துய்லரி தோட்டம். அங்கே பச்சை நிற இரும்பு நாற்காலிகள் யாரும் உட்காரலாம் என்று போட்டிருக்கும். கட்டிக்கொண்டு போன சோற்றை அங்கே வைத்துச் சாப்பிடலாம். இரவுக்கு லா ஷாப்பல் வாருங்கள். ஈழத்துத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இட்லி, தோசை, இடியப்பம், எல்லாம் கிடைக்கும். மாணிக்கப் பிள்ளையார் கோவிலும் அங்கேதான்.

செம்பனைக் காடு

படித்துக்கொண்டே வந்தேன், மனதில் பட்டதைச் சொல்கிறேன். கோபிக்க வேண்டாம்.

ஐம்பது ஆண்டு முதுகு ஒடிய உழைத்த பெண்மணி. அவருடைய கையில் இருக்கும் காசும் மகளின் காசும் வியர்வை. அதைக் கொண்டு போய் வெள்ளைக்காரன் சுவரில் மாட்டிய படத்தைப் பார்க்க வேண்டுமா? அதே செலவில் பழனி, மதுரை, தஞ்சாவூர் மூன்றும் போய் வரலாம். பெரிய கோவில் உட்பிராகாரத்தில் இல்லாத ஓவியமா? அம்மாவுக்கு அங்கே பேச்சுத் துணை இருக்கும், சாப்பாடு இருக்கும், சாமி இருக்கும். பாரிஸில் அவர் யாரோடு பேசுவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அம்மாவும் உதிரிப் பழம் பொறுக்கியவர்தான். அந்த வேலையைப் படமாக வரைந்து, அதை அழகு என்று சொல்லி, டிக்கெட் போட்டுக் காட்டுவது எனக்கு என்னவோ செய்கிறது. ஒரு சாக்கு நிறைந்தால் எவ்வளவு கிடைத்தது என்று எனக்குத் தெரியும். முள் ஏறிய விரலோடு அவர் மாவு பிசைந்ததும் தெரியும்.

தாப்பா ரோடு அக்கா

தம்பி, நீங்கள் கடைசியில் சொன்னது எனக்கும் உறைத்தது. அதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. ஆனால் முதலில் சொன்னதை ஏற்க மாட்டேன்.

தஞ்சாவூர் வேண்டும், பழனி வேண்டும். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் தோட்டத்துப் பெண் என்றால் கோவிலோடு நிறுத்து, அதற்கு மேல் அவளுக்கு எதற்கு என்ற பேச்சை நான் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தேன். எனக்கு நூலகத்துக்குப் போக ஆசை. "பால் வாளி தூக்குகிறவளுக்குப் புத்தகம் எதற்கு" என்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டில் சொன்னார்கள். அந்தக் குரலை இன்று நம் வாயிலிருந்தே கேட்கக் கூடாது.

பேச்சுத் துணை வேண்டும் என்கிறீர்கள். படம் பார்க்க மொழி வேண்டாம், தம்பி. நான் கோலாலம்பூரில் மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தேசியக் கலைக்கூடத்துக்குப் போகிறேன். 1958-இல் தொடங்கியது, மலேசியர்களுக்குக் கட்டணம் இல்லை. முதல் முறை வாசலில் நின்று திரும்பிவிட்டேன். காவலர் "மக்சி, மாசோக்லா" (அம்மா, உள்ளே வாங்க) என்று மலாயில் கூப்பிட்டார். உள்ளே போனேன். அதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறையாவது போகிறேன். சிப்புட் மகளே, உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பாரிஸுக்கு முன்னால் அம்மாவைக் கோலாலம்பூரில் ஒரு நாள் பழக்குங்கள். எவ்வளவு நேரம் நிற்கிறார், எங்கே உட்கார்கிறார், எந்த மாதிரிப் படத்தின் முன்னால் கால் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பாகான் செராய்

கீமேவில் என்ன இருக்கிறது என்று யாரும் எழுதவில்லையே! ஆசியக் கலைகளுக்கான அருங்காட்சியகம் அது. லியோனைச் சேர்ந்த தொழிலதிபர் எமில் கீமே தொடங்கியது, பாரிஸில் 1889-இல் திறந்தார்கள். தரைத்தளத்தில் அங்கோர் காலத்துக் கெமர் சிலைகள். இந்தியப் பகுதியில் சோழர் காலத்து நடராசர், வெண்கலம்.

நான் அவர் முன்னால் நின்றபோது கை தானாகக் கூப்பியது. பக்கத்தில் இருந்தவர் குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தார், நான் கும்பிட்டதைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார். மாலை இல்லை, விளக்கு இல்லை, திருநீறு இல்லை. எண்ணெய் படாத வெண்கலத்தில் விரல் நகம் வரை தெரிந்தது. கோவிலில் அலங்காரத்துக்குள் நாம் காணாத தோளின் வளைவை அங்கேதான் கண்டேன். மகிழ்ச்சியா வருத்தமா என்று அப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எந்த ஊர்க் கோவிலில் எந்தத் தெருவில் உலா வந்தவரோ என்ற எண்ணம் விடவே இல்லை. அம்மாவை அங்கே அழைத்துப் போவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று பார்த்தால் கலங்கிவிடுவார்.

சிப்புட் மகள்

எல்லோருக்கும் நன்றி. செம்பனைக் காடு அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளையின் அம்மா எந்தத் தோட்டம் என்று கேள்" என்றார்.

முடிவு செய்துவிட்டேன். காலையில் ஓர்சே. பிறகு தோட்டத்தில் புளிச்சோறு. முடிந்தால் ஒராஞ்சரி. லூவ்ரை வெளியிலிருந்து பார்ப்போம். திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.

லா ஷாப்பல் வாசி

ஒரு விஷயம் விட்டுப்போனது. படங்கள் கடனாக வெளியூர் போய்விடுவது உண்டு. மில்லேயின் "ஏஞ்சலஸ்" 2025-இல் சில மாதம் லண்டனில் இருந்தது. போகும் வாரத்தில் ஓர்சே இணையதளத்தில் படத்தின் பெயரைத் தேடுங்கள், காட்சியில் இருக்கிறதா இல்லையா என்று போட்டிருக்கும்.

சிப்புட் மகள்

திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. எழுதுவதாகச் சொன்ன கடனைத் தீர்க்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதே காலுக்கு ஓர்சே வாசலில் நின்றோம். உள்ளே போனதும் அம்மா கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தண்டவாளம் எங்கே போயிற்று?" என்று கேட்டார். தண்டவாளம் இருந்த பள்ளத்தில்தான் இப்போது சிலைகள் நிற்கின்றன என்று காட்டினேன். இரண்டு பக்கமும் பார்த்தார், "ரயில் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் நின்றிருக்கும்" என்று சொன்னார். அதோடு அந்த இடம் அவருக்குப் பழகிவிட்டது. சக்கர நாற்காலியை வாங்கினேன். பை ஏறியது, அம்மா ஏறவில்லை.

"கதிர் பொறுக்குவோர்" முன்னால் வந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. படம் நான் நினைத்ததைவிடச் சிறியது, ஒரு மீட்டரை விடச் சற்றே அதிக அகலம். அம்மா முதலில் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு கிட்டே போனார். பிறகு மறுபடி பின்னால் வந்தார். "பழக்கொத்து இறக்கி முடித்த பிறகு நாங்கள் மர நிரைக்குள் போவது மாதிரி" என்றார்.

அடுத்து அவர் சொன்னவற்றை அன்றிரவே எழுதி வைத்துக்கொண்டேன்.

இடது பக்கப் பெண் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். நான் பலமுறை அச்சுப் படத்தில் பார்த்திருக்கிறேன், இடுப்பு வலிக்குக் கை வைத்திருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அம்மா தன் இடது கையைப் பின்னால் கொண்டுபோய் அதேபோல் வைத்துக் காட்டினார். "வலிக்கு இல்லை. பொறுக்கியதை அந்தக் கையில் பிடித்திருக்கிறாள். நிமிர்ந்து நிமிர்ந்து பையில் போட்டால் பொழுது போய்விடும். ஒரு கை நிறைந்த பிறகுதான் நிமிர்வது." கிட்டே போய்ப் பார்த்தேன். ஆமாம், கதிர்க் கட்டு அங்கே இருக்கிறது.

நடுவில் இருப்பவளின் விரல்களைக் காட்டி, "மண் அப்பிய விரல்" என்றார். வலது பக்கத்தவள் பாதி நிமிர்ந்து நிற்கிறாள். "அவள் ஓய்வெடுக்கவில்லை, அடுத்து எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறாள்." தலைத்துணி நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறத்தில் இருக்கிறது. "நாங்களும் அப்படித்தான் கட்டுவோம். தூரத்திலிருந்து பார்த்தால் யார் எந்த நிரையில் என்று தெரிய வேண்டும்."

படத்தின் பின்னால், வெளிச்சத்தில், பெரிய அறுவடை நடக்கிறது. போர் போராகக் கதிர், வண்டி, கூட்டமாக ஆட்கள். வலது ஓரத்தில் மிகச் சிறிதாக ஒருவன் குதிரையில் இருக்கிறான். தோட்டத்து வேலையை மேற்பார்ப்பவரைத் தண்டல் என்போம். "தண்டலா அம்மா?" என்று கேட்டேன். "தண்டல் நடந்து வருவார். குதிரை என்றால் துரை வீட்டு ஆள்" என்றார். பிறகு நெடுநேரம் அந்தக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறான் பார். ஆனால் இவர்களுக்கு அவன் இருப்பது தெரியும்."

அப்போது ஒரு பள்ளிக்கூடக் குழு வந்து படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள். ஆசிரியை மூன்று பேரை எழுப்பி, படத்தில் இருப்பதுபோல் நிற்கச் சொன்னார். ஒரு சிறுமி இடுப்பை மட்டும் மடித்துக் குனிந்தாள், தடுமாறினாள். அம்மாவால் பொறுக்க முடியவில்லை. நான் தடுப்பதற்குள் முன்னே போய், ஒரு காலை முன்வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, தரையைத் தொட்டுக் காட்டினார். வலிக்கும் முழங்கால் அது. ஆசிரியை என்னைப் பார்த்தார். "இவர் மலேசியாவில் முப்பது ஆண்டு இந்த வேலை செய்தவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அதைப் பிள்ளைகளிடம் பிரெஞ்சில் சொன்னார். ஒரு பையன் கையை உயர்த்தி எதோ கேட்டான். ஆசிரியை எனக்கு மொழிபெயர்த்தார்: "அவர் என்ன பொறுக்கினார்?" செம்பனைப் பழம் அவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் படத்தைத் தேடிக் காட்டினேன். ஆரஞ்சு நிறப் பழத்தைப் பார்த்து எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். கொத்தைவிட உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம், அதனால் ஒன்றையும் விடக்கூடாது என்று அம்மா தமிழிலேயே விளக்கினார். தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு என்று அது போய்ச் சேர்ந்தது.

அங்கேயே நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தாம் தளத்தில் கய்போத் 1875-இல் வரைந்த படம் ஒன்று: மூன்று ஆண்கள் சட்டையில்லாமல் மண்டியிட்டு, வீட்டு மரத்தரையைச் சீவுகிறார்கள். அந்த ஆண்டுக் காட்சிக்கு அதைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்களாம். தரையெங்கும் சுருள் சுருளாக மரச் சீவல். அம்மா அதைப் பார்த்ததும், "பட்டை சீவினால் இப்படித்தான் சுருண்டு விழும்" என்று காற்றில் கையை இழுத்துக் காட்டினார். பால்மரக் காட்டை விட்டு எத்தனையோ ஆண்டாகிவிட்டது. அந்தக் கை இழுப்பில் கத்தி இருந்தது.

வான்காவின் மதியத் தூக்கப் படமும் அங்கே இருக்கிறது. வைக்கோல் போர் நிழலில் ஓர் ஆணும் பெண்ணும் தூங்குகிறார்கள். பக்கத்தில் கழற்றிய காலணி, சேர்த்து வைத்த இரண்டு அரிவாள். மருத்துவ விடுதியில் இருந்தபோது, மில்லேயின் படத்தைக் கறுப்பு வெள்ளை அச்சில் பார்த்துத் தம் சொந்த வண்ணத்தில் வரைந்தது. அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அரிவாள்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

மற்றதைச் சுருக்குகிறேன். பெரிய கடிகாரத்தின் கண்ணாடி வழியாக ஆற்றைப் பார்த்தோம். துய்லரியில் பச்சை நாற்காலியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். பிற்பகல் மூன்றுக்கு ஒராஞ்சரி. மோனே கண்புரை வந்த வயதிலும் வரைந்த அல்லிக் குளம், இரண்டு நீள்வட்ட அறைகளைச் சுற்றிலும். 1927-இல் அதைத் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. நடுவில் பெஞ்சு இருக்கிறது. அம்மா உட்கார்ந்தார், "குளத்தங்கரை மாதிரி இருக்கிறது" என்றார், அப்படியே தூங்கிவிட்டார். மலேசிய நேரம் இரவு ஒன்பது. யாரும் எழுப்பவில்லை, நானும் எழுப்பவில்லை. அரை மணி நேரம் அவருடைய தலை என் தோளில் இருந்தது. சுற்றிலும் தண்ணீர்.

லூவ்ருக்குள் போகவில்லை. கல்யாண வீட்டில் மோனலிசாவைக் கேட்டார்கள். அம்மா, "கூட்டம் என்றார்கள், அதனால் போகவில்லை. ஆனால் நான் வேறு ஒரு படம் பார்த்தேன்" என்று தொடங்கினார். சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கீமேவுக்கும் போக முடியவில்லை, பாகான் செராய் அண்ணா. நடராசரைப் பார்க்கவில்லையே என்ற குறை அம்மாவுக்கு இருக்கிறது.

கூலிம் வாத்தியார்

அந்த முதுகுக்குப் பின்னால் இருக்கும் கை. இரண்டு முறை அந்தப் படத்தின் முன்னால் நின்றேன், எத்தனையோ வகுப்பில் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். இடுப்பு வலி என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஈப்போ பயணி

நானும் ஒப்புக்கொள்கிறேன், அந்த நாள் சரியாகத்தான் அமைந்தது. அந்தச் சக்கர நாற்காலிக்கு முன்பதிவு தேவையா? என் மாமியாரை அழைத்துப் போக நினைக்கிறேன்.

சிப்புட் மகள்

நாங்கள் முன்பதிவு செய்யவில்லை, வாசலில் கேட்டோம், என் கடப்பிதழை வைத்துக்கொண்டு கொடுத்தார்கள். காலையிலேயே போனால் கிடைத்துவிடும்.

செம்பனைக் காடு

சகோதரி, நீங்கள் எழுதியதை நேற்றிரவு மூன்று முறை படித்தேன். என் அம்மா இப்போது இல்லை. அவர் பெர்ச்சாம் பக்கம் பிறந்தவர், பிறகு தெலுக் இந்தான் பக்கத் தோட்டத்தில் இருந்தார். உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள், அப்போது பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவரும் அப்படித்தான் இடது கையில் சேர்த்து வைத்துக்கொண்டு பொறுக்குவார், பழம் நழுவாமல் முதுகோடு அணைத்துக்கொள்வார். இத்தனை ஆண்டில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அந்தப் படம் அஞ்சலட்டையாக அங்கே விற்றார்களா?

சிப்புட் மகள்

விற்கிறார்கள், அண்ணா. அம்மா ஆறு அட்டை வாங்கினார். நான்கு, பழைய லயத்துச் சிநேகிதிகளுக்குக் கொடுத்தாயிற்று. ஒன்று எங்கள் வீட்டில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆறாவதை யாருக்கு என்று கேட்டபோது, "வைத்திரு, யாராவது கேட்பார்கள்" என்றார். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடுகிறேன்.